மடைக்காவலாளியின் குரல்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கண்டக்டர் இருந்தாராம். அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு குரல் இருந்ததாம். இருந்தாராம் என்று சொன்னாலும் கண்டக்டர் இன்னும் இருக்கிறார். மனைவியும் மகளும் இருக்கிறார்கள். மூன்றாவதாகச் சொன்னதுதான் இல்லை. பேர் பவுன்ராஜ். போடியிலிருந்து மதுரைக்கு ஓடுகிற தனியார் பஸ்ஸில் தலை நரைக்கிற வரைக்கும் டிக்கெட் கிழித்தவர். இப்போது மதுரையில், மகள் நாகஜோதி வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில், முட்டை அட்டையைக் கவிழ்த்து ஒட்டினாற்போல் இருக்கிற கறுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏசிக் காற்று கழுத்துத் துளை வழியே நேராக நெஞ்சுக்குள் இறங்குகிறது. மூக்கு வழியாகப் போகிற காற்று கொஞ்சம் சூடாகி, கொஞ்சம் ஈரமாகி, செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி உள்ளே வரும். துளை வழியாக வருவது அப்படியில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் மனைவி ஒச்சம்மா, மடியில் ஒயர்க்கூடை, கூடைக்குள் தண்ணிப் பாட்டில், மாத்திரை, மகளுக்குக் கொண்டுவந்த சீடை. அவள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மெத்துன்னு இருக்கு. இத வீட்ல ஒட்டினா பக்கத்து வீட்டுக்காரி சத்தம் கேக்காதுல்ல?” என்று கேட்டாள். கேட்டது அவரை நோக்கித்தான். அவர் பதில் சொல்வதற்குள், அதாவது போனை எடுத்து எழுத்தை அமுக்குவதற்குள், ஷெரின் என்கிற அந்த ஒலிப்பதிவுப் பெண் “கேக்காது ஆன்ட்டி” என்று சொல்லி முடித்துவிட்டாள். தொண்டை ஆபரேஷன் ஆன இந்த எட்டு மாதமாக எல்லாமே இப்படித்தான். கேள்வி அவருக்கு, பதில் அடுத்தவருக்கு.

பதில். இன்றைக்கு அவர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஜோதி காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு வரும்போதே ஆட்டோவில் வைத்துச் சொல்லிவிட்டாள். “அப்பா, ரெண்டே பேச்சுதான். நீங்க சரின்னா, ரெண்டு வருஷத்துக்கு முந்தி நீங்க பேசிக் குடுத்த அந்த மடைக்காவலாளிக்கு உங்க குரலே கேம்ல இருக்கும். அதை வச்சே ஷெரின் உங்க போன்ல ஒண்ணு செஞ்சு தருவா. நீங்க டைப் பண்ணினா அது பேசும், உங்க குரல்ல. வேண்டாம்னா நாளைக்கு டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வர்றாரு. தற்காலிகமா எடுத்ததை வேலை முடிஞ்சதும் அழிச்சிருவாங்க, வெளிய குடுக்க மாட்டாங்க. கம்பெனி வழக்கம் அப்படி.” அவள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணைப் பார்க்காமல் ஆட்டோக்காரர் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சரி என்று தலையாட்டினால் முடிந்தது. தலையாட்டுவதற்குக் குரல் வேண்டாம். ஆனால் அந்தக் குரலை அவர் கேட்டு ரெண்டு வருஷமாகிறது, கேட்கவே பயமாக இருந்தது, எதற்குப் பயம் என்றும் பிடிபடவில்லை, பிடிக்கப் போனால் பஸ்ஸில் சில்லறை விழுந்து சீட்டுக்கடியில் உருள்கிற மாதிரி உருண்டு போகிறது. தன் குரலைக் கேட்க எவனாவது பயப்படுவானா. பயப்படுவான், அது செத்தவன் குரலாக இருந்தால்.

அது செத்தவன் குரல்தான். அதைப் பதிந்த அன்றைக்கு மதுரை பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, அடுத்த நடைக்கு நேரம் இருந்ததால், ஜோதிக்குச் சோற்று வாளியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இங்கே வந்தார். இந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம்: எந்தப் பாத்திரத்துக்கும் முதலில் கைக்கு அகப்பட்ட ஆளைப் பிடித்து உட்காரவைத்துப் பேசவிட்டு ஒப்பேற்றி வைத்துக்கொள்வார்கள், பிறகு முறையாகப் பேசுகிற ஆள் வந்ததும் மாற்றிவிடுவார்கள். தாலி பண்ணி வருகிற வரைக்கும் மஞ்சள் கிழங்கைக் கட்டிவைக்கிற மாதிரி. அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு வயசாளி, மதகு காக்கிற மடைக்காவலாளி. வந்து நின்றார் பவுன்ராஜ், கையில் சோற்று வாளியோடு. ஜோதிதான் கதையைச் சொன்னாள். அணைக்கட்டு வந்து ஒரு ஊர் முழுகிப் போகிறது. ரொம்ப காலம் கழித்து ஒருத்தி தண்ணீருக்குள் நீந்திப் போகிறாள், விளையாடுகிறவர்தான் அந்த ஒருத்தி. முழுகின ஊரில் கதவைத் தொட்டால், விளக்குக் கம்பத்தைத் தொட்டால், அங்கங்கே ஒரு குரல் வரும். “மனுஷன் போகும்போது எதை ரொம்ப நினைக்கிறானோ அது பக்கத்துல இருக்கிற சாமான்ல படிஞ்சிரும்பா, கறை மாதிரி. இதுக்குத் தடம்னு பேரு. இந்த மாதிரிக் கதையில எல்லாம் இது உண்டு. சிலதுல மூளையில இருக்கிறதை எடுத்துச் சில்லுல வைப்பாங்க, சிலதுல குப்பியில அடைப்பாங்க. நம்ம கதையில மதகுல, அதைத் திறக்கிற திருகு கட்டையில எல்லாம் படிஞ்சிருக்கும்.” அவர் சிரித்தார். அப்போது சிரித்தால் சத்தம் வரும். “அப்படின்னா நம்ம வண்டிக் கம்பி பூராம் சில்லறை இல்லங்கிற சண்டைதான் படிஞ்சிருக்கும் தாயி. எவளாவது நீந்தி வந்து தொட்டான்னா, ‘ஏம்மா அஞ்சு ரூவாய்க்கு நூறு ரூவா நோட்டா’ன்னு கேக்கும்” என்றார். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அதைப் பதிந்து வைத்திருக்கலாம். அதை யாரும் பதியவில்லை. சிரிப்பு அடங்கி, கதவைச் சாத்தி, சிவப்பு விளக்குப் போட்ட பிறகுதான் பதிந்தார்கள்.

ஷெரின்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் தரம் பேசினதும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, “அங்கிள், கத்தாதீங்க. நீங்க செத்துட்டீங்க” என்றாள். “செத்தவன் எதுக்கும்மா மெதுவாப் பேசணும், எவன் அடிக்கப் போறான்?” என்றார். ரெண்டாவது தரமும் கத்தல்தான். மூணாவதும். முப்பது வருஷமாக எஞ்சின் சத்தத்துக்கு மேலே, பாட்டுச் சத்தத்துக்கு மேலே, ஆண்டிபட்டிக் கணவாயில் எதிரே வருகிற லாரிக் காற்றுக்கு மேலே பேசின தொண்டை; அதற்குச் சன்னமாக ஒரு வழி இருப்பதே தெரியாது. வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். உப்பு எடு என்பது மூன்று வீடு தள்ளிக் கேட்கும். பிறகு அந்தப் பெண் ஒன்று சொன்னாள். என்னவோ சொன்னாள், அதற்குப் பிறகு அவர் மெதுவாகப் பேசினார். ஒரே தடவையில் எல்லாவற்றையும் பேசி முடித்தார். முடித்துவிட்டு ரெண்டரை மணி வண்டிக்கு ஓடினார். அவள் என்ன சொன்னாள் என்பதுதான் இப்போது ஞாபகம் வரவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்கள். நாக்கு இருக்கிறது. நுனியும் இருக்கிறது.

சரி, வேறு எங்கேயாவது குரல் இருக்காதா என்று இந்த எட்டு மாதத்தில் தேடாத இடமில்லை. போனில் அவர் பேசி அனுப்பின செய்தி ஒன்றுகூடக் கிடையாது; பேச வேண்டும் என்றால் கூப்பிட்டுப் பேசுவார், கூப்பிட்டுப் பேசினால் காற்றோடு போச்சு. ஜோதியின் சடங்கு வீடியோவைத் தேடி எடுத்தார்கள். அவரே நிறைய இடத்தில் வருகிறார். தாய்மாமன் சீர்த் தட்டை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கிறார், மைத்துனனைப் பார்த்து ஏதோ கேலி பேசுகிறார், பந்தியில் நின்றுகொண்டு, இங்கிட்டு ரசம் ஊத்துங்கப்பா என்கிறார், எல்லாம் உதட்டசைவில் தெரிகிறது. சத்தம் மட்டும் வேறே. வீடியோக்காரன் முதலிலிருந்து கடைசி வரைக்கும் சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பிவிட்டான். பவுன்ராஜ் வாயைத் திறந்தால் பாடகர் வருகிறார், பின்னாலேயே வயலின் வருகிறது. அன்றைக்கு, ‘பேச்சுச் சத்தம் எதுக்குண்ணே, கசகசன்னு இருக்கும், நல்ல பாட்டா போட்ருவோம்’ என்று அவன் கேட்டபோது சரி என்று சொன்னதும் இவர்தான். தங்கச்சி கல்யாணம், அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம், எல்லாவற்றிலும் அதே கதை. ஊரில் ஒருத்தர் குரலும் ஒருத்தர் வீட்டிலும் இல்லை. செத்துப்போன தன் அய்யாவுக்கும் அதே கதிதான், கேசட்டில் கைதட்டிச் சிரிக்கிறார், சத்தம் நாதஸ்வரம். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஜோதி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அப்பா ஏதாச்சும் பேசுங்க, பதிஞ்சு வச்சுக்குவோம். அடுப்படியிலிருந்து ஒச்சம்மா வந்தாள், கையில் கரண்டியோடு. “போற ஆளுக்குத்தாண்டி இப்படியெல்லாம் எடுத்து வைப்பாங்க. வை அங்கிட்டு.” ஜோதி வைத்துவிட்டாள். ஒச்சம்மா சொன்னது அவருக்கும் சரியாகத்தான் பட்டது. உயிரோடு இருக்கிறவன் குரலைப் பெட்டியில் போட்டு வைத்தால் எமனுக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா. அதுதான் வேடிக்கை. உயிரோடு இருக்கிறவனாகப் பேச விடவில்லை. செத்தவனாகப் பேசினது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

“அங்கிள், பழசை ஒரு தடவை போடறேன்” என்றாள் ஷெரின். அவர் கை தன்னால் துணிமேல் போனது. ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கடைசியாகத் தான் பேசினது என்ன என்று யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வண்டி தள்ளுகிற பையனிடம், போர்வை இன்னொண்ணு இருக்காப்பா. அவ்வளவுதான். ஒச்சம்மாவிடம் கடைசியாகப் பேசினது அதற்கும் முன்னால், காலையில், பிளாஸ்க்க ஒழுங்கா மூடு, ஒழுகுது பாரு. ஒரு ஜென்மம் பூராவும் பேசிவிட்டு முடித்த இடம் அது. டாக்டர் ஒரு கருவி கொடுத்தார், கழுத்தில் வைத்து அமுக்கினால் வண்டு மாதிரி உறுமும், உதட்டை அசைத்தால் உறுமல் வார்த்தையாகும். முதல் நாள் அவர் ‘ஒச்சம்மா’ என்றதும் அவள் எழுந்து கொல்லைக்குப் போய் நின்றுகொண்டாள். அதோடு கருவி அலமாரிக்குப் போனது. காற்றை விழுங்கி ஏப்பமாக விட்டுப் பேச ஒரு வழி உண்டு என்றார்கள், அது வயிற்றைப் புரட்டியதோடு சரி. அப்புறம் எழுத்துதான். ஒச்சம்மா ரெண்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் வாய்விட்டுத்தான் படிக்க வரும். ஒரு துக்க வீட்டில் அந்த வீட்டு மருமகப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றான், அவனைக் காட்டி இவர் ரகசியமாக எழுதிக் கொடுத்தார். அவள் அத்தனை பேர் நடுவிலும் உரக்கக் கூட்டினாள்: “எ… ழ… வு… க்கு… வந்… தானா… எ… ரு… மை… வாங்…” அந்த மருமகப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தான். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேச்சில்லை, அதாவது அவள் பக்கத்திலிருந்து. அன்றிலிருந்து அவர் கேலி எழுதுவதில்லை. எழுதினாலும் அவள் கூட்டி முடிப்பதற்குள் கேலி ஆறிப்போகிறது. மருந்து, தண்ணீர், ஃபேன், வெளிச்சம், இவ்வளவுதான் எழுதுகிறார். மருந்தும் தண்ணீரும் ஃபேனும் மட்டுமே பேசுகிற ஒருத்தரோடு அவள் எட்டு மாதமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

குரல் வந்தது. வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு வந்தது, மூக்கால் இழுத்த மூச்சு, சளியில்லாத சுத்தமான மூச்சு, அதைக் கேட்கத்தான் அவர் முன்னால் குனிந்தார், வார்த்தையைவிட அந்த மூச்சை. அப்புறம், “நான் இங்கதான் மதகுப் பக்கம் நிக்கிறேன். வெளக்கு வச்சுட்டியா? இங்கேருந்து பாத்தா நம்ம வீடு தெரியுது. கதவச் சாத்திட்டுப் படு. நான் வர நேரமாகும்.” அவ்வளவுதான். இது யார் என்று நினைத்தார். நிஜமாகவே யாரோ பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டாதவர், யாரையும் ஏறு ஏறு என்று விரட்டாதவர், பொறுமைசாலி, வைகாசி மாசத்துக் கிணறு மாதிரி அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளவர். இவரோடு நமக்கு என்ன சொந்தம். திரையில் பச்சைத் தண்ணீருக்குள் ஒரு மதகு, அதன் திருகு கட்டைமேல் கை வைத்த மாதிரி ஒரு வெளிச்சம், சுற்றிலும் ஜோதி வரைந்த வீடுகள். ஒச்சம்மா திரையைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப நீங்க டைப் பண்ணுங்க அங்கிள், எது வேணா, அதே குரல்ல பேசும்” என்று ஷெரின் எழுத்துப் பலகையை அவர் முன்னால் தள்ளினாள்.

எது வேண்டுமானாலும். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்தது இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி இருக்கிறது, ரேஷன் கடைக்காரன் தாடியைப் பற்றி இருக்கிறது, ராத்திரி வலி பிடித்தபோது அவளை எழுப்ப வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைப் பற்றி இருக்கிறது. எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன, கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி, எதை முதலில் ஏற்றுவது. விரல் தன் பாட்டுக்கு ஒன்றை அமுக்கியது. மூச்சு வந்தது. “சாப்பிட்டியா?” என்றது குரல், மெதுவாக, தண்ணீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து கேட்பது மாதிரி. “இல்லங்க, இனிமேத்தான், நீங்க?” என்று ஒச்சம்மா சொன்னாள். சட்டென்று சொன்னாள், யோசிக்காமல், கூடையை மடியில் சரிசெய்துகொண்டே. சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோதி அழுதாள், ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள், எல்லாம் நடந்தது, ஆனால் பவுன்ராஜ் ஒன்றைத்தான் பார்த்தார்: அவள் பதில் சொன்னது ஒலிபெருக்கியைப் பார்த்து. அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், தோள் இடிக்கிற தூரத்தில், தலை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. முப்பத்துச் சொச்ச வருஷத்தில் ‘இல்லங்க, நீங்க’ என்று அந்தக் குழைவோடு அவருக்கு ஒரு பதில் வந்ததில்லை. ‘ஆச்சு ஆச்சு’ என்று வரும், ‘ஏன், நீங்க ஊட்டி விடப் போறீங்களாக்கும்’ என்று வரும். வரட்டும், அது அவருக்கு வந்தது. இது யாருக்கோ வந்தது.

“நல்லாருக்கு” என்றாள் ஒச்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இந்த மனுஷன் எம்புட்டுப் பொறுமையாப் பேசறாரு.” “அம்மா, அது அப்பாதாம்மா” என்றாள் ஜோதி. “தெரியும்டி, யாரு இல்லன்னா. இவருதான். இவருக்கே தெரியாம இவருக்குள்ள இருந்திருக்காரு” என்றாள். சிரித்தார்கள். பவுன்ராஜ் பலகையை இழுத்து வேகமாக அமுக்கினார், பிழையோடு அமுக்கி அழித்துத் திருப்பி அமுக்கினார், பஸ்ஸில் படியில் தொங்குகிறவனைத் திட்டுகிற திட்டு, காதில் விழுந்தால் எவனும் உள்ளே வந்துவிடுகிற திட்டு. மூச்சு வந்தது. “ஏண்டா, ஒங்க அப்பன் வீட்டு ஊஞ்சலா இது” என்றது குரல், அவ்வளவு துக்கமாக, அந்த ஊஞ்சலில் ஆடின பிள்ளை எங்கே போச்சு என்று கேட்பது மாதிரி. அறையே குலுங்கிச் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதினால் கேலி ஆறிப்போகிறது. இது பேசினால் செத்தே போகிறது. இந்த ஆளுக்குக் கோபம் வராது. இவனைப் போனில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனால் இவன் காலையில் காப்பி நல்லாருக்கு என்பான், சாயங்காலம் விளக்கு வச்சுட்டியா என்பான், அவள் ‘வச்சுட்டேங்க’ என்பாள், நடுவில் கழுத்தில் துணி கட்டின ஒருவன் உட்கார்ந்து விரலை ஆட்டிக்கொண்டிருப்பான், பொம்மலாட்டத்தில் கயிறு பிடிக்கிறவன் மாதிரி, அவனை யார் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நாளைக்கு டப்பிங்காரர் வருவார், நல்ல குரலாக இருக்கும், மடைக்காவலாளி அவரோடு போகட்டும். வேண்டாம் என்றால் அப்புறம் எங்கேயும் ஒன்றும் இல்லை. ஒரு மூச்சுகூட இல்லை. பாட்டு நிரம்பின வீடியோதான். அதற்கு வேண்டும் என்பது தேவலையா. தேவலை, தேவலையில்லை, தேவலை. வண்டி ஒரே ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜோதிக்கு அவர் முகம் தெரியும். “நாங்க டீ வாங்கிட்டு வர்றோம்பா” என்று எழுந்தாள். ஷெரினும் எழுந்தாள், கதவுப் பக்கம் போனவள் திரும்பி, ஒச்சம்மாவிடம், “ஆன்ட்டி, அன்னைக்கு அங்கிள் மூணு தடவை கத்திட்டாரு. அப்புறம் நான் ஒண்ணு சொன்னேன். ‘அக்கரையில உங்க வீட்டுக்காரம்மா நிக்கிறாங்க. நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்காது. கேக்காதுன்னு உங்களுக்கே தெரியும். இருந்தும் பேசறீங்க. அப்படிப் பேசுங்க’ன்னேன். உடனே வந்திருச்சு” என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அந்த அறைக் கதவு சாத்தினால் உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை; தன் துளை வழியே போய் வருகிற காற்றுதான் கேட்டது, ஊதாங்குழல் ஊதுகிற மாதிரி. அதைத்தானே அந்தப் பெண் அன்றைக்குச் சொன்னது. ஞாபகம் வராமல் கிடந்தது இதுதானா. அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கரை எப்படி இருக்கும் என்று யோசித்தார். அக்கரை என்றால் அவருக்கு எங்கே தெரியும், ஆண்டிபட்டி தெரியும், தேனி தெரியும். கடைசியில் ராத்திரி நடை முடிந்து வருகிறபோது தெரு முனையிலிருந்து தெரிகிற தன் வீட்டு வாசல்தான் வந்தது. வாசல் விளக்கு எரிகிறது, அவள் படியில் உட்கார்ந்து கால்விரலில் ஒட்டின கோலமாவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், அவர் வருவது இன்னும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச தூரத்தில், அவள் பார்க்கிற வரைக்கும், அவர் மனசுக்குள் எத்தனையோ தரம் மெதுவாக ஏதேதோ பேசிக்கொண்டு நடந்திருக்கிறார். வாசலுக்கு வந்ததும் சோத்தப் போடு என்று கத்தியிருக்கிறார். அப்படியானால் அந்தப் பேச்சு செத்தவனுடையது இல்லையே. அது தெரு முனைக்கும் வாசலுக்கும் நடுவில் நடந்து வந்தவனுடையது.

ஒச்சம்மா கூடையிலிருந்து சீடையை எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள், கடித்துவிட்டு, இந்தச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறதே என்று மெல்லாமல் நிறுத்தினாள். “அன்னைக்கு நான் அந்தப் போனை வை அங்கிட்டுன்னு சொல்லாம இருந்திருக்கலாம்” என்றாள். அவர் வேகமாகக் கையை ஆட்டினார். “ஆட்டாதீங்க. சொன்னேன்ல, சொன்னது சொன்னதுதான்.” பிறகு, வேறு யாரையோ விசாரிக்கிற மாதிரி கேட்டாள்: “அந்தப் புள்ள சொன்னப்ப… யார நெனச்சுப் பேசுனீங்க?” பலகை அவர் முன்னால் இருந்தது. அமுக்கினார். எழுத்து திரையில் நின்றது. பக்கத்தில் முக்கோணம் போட்ட அந்தப் பொத்தான், அதை அமுக்கினால் மூச்சு வரும், குரல் வரும், அழகாக வரும், அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பும். விரலை எடுத்துக்கொண்டார். திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். வாய்விட்டுத்தான் வரும் அவளுக்கு. “ஒ… ன்… னை… ஒன்னை… ய… த்… தா…” கடைசி எழுத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாள். அவள் காது மடல் சிவந்ததை அவர் பார்த்தார், கல்யாணம் ஆன புதிதில் பார்த்தது. “க்கும்” என்றாள். “செத்தப்புறம் நெனப்பீங்களாக்கும்.” பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கணக்குத் தீர்க்கிற மாதிரி சொன்னாள்: “இங்க பாருங்க. அந்தாளு வரட்டும் வீட்டுக்கு, சோறு தண்ணி கேக்க, அக்கம்பக்கத்துல பேச. எனக்கும் ஒரு மனுசச் சத்தம் வேணும்ல. ஆனா திட்டுறதா இருந்தா எழுதித்தான் காட்டணும். என்னையத் திட்டுறத நானே வாய்விட்டுப் படிச்சுக்கிறேன். அவரு திட்டினா அழுகையா வருது, நல்லால்ல.” அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்க, துளையிலிருந்து காற்று புசுபுசுவென்று வந்து துணி படபடத்தது. அவளும் அதைப் பார்த்துச் சிரித்தாள், அவரைப் பார்த்து.

டீயோடு வந்த ஜோதியைப் பார்த்து அவர் தலையாட்டினார். ஒரு தரம் போதாது என்று ரெண்டு தரம் ஆட்டினார். ஷெரின், அடுத்த வாரம் போனில் ஏற்றித் தருவதாகச் சொன்னாள்; வார்த்தைக்கு முன்னால் வருகிற அந்த மூச்சை வெட்டிவிடலாமா என்றும் கேட்டாள், முறைப்படி வெட்டிவிடுவதுதான் வழக்கமாம். “இருக்கட்டும்மா” என்றாள் ஒச்சம்மா. “அது வந்தாத்தான் பேசப் போறாருன்னு தெரியும். இல்லன்னா திடுக்குங்கும்.” ஜோதிக்கு வேலை கிடந்தது, அவள் தன் இடத்துக்குப் போனாள். ஒச்சம்மா சீடையை ஜோதிக்குக் கொடுக்கச் சொல்லி ஷெரினிடம் கொடுத்துவிட்டு, “மூணு மணி வண்டியப் பிடிக்கணும், வெரசா வாங்க” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அவர் துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடைபாதைக்கு வந்தபோது அவள் நெடுந்தூரம் போயிருந்தாள், லிஃப்ட் இருக்கிற பக்கம் இல்லை, அதற்கு நேர் எதிர்ப்பக்கம், கண்ணாடிக் கதவுகளாக இருக்கிற பக்கம், திரும்பிப் பார்க்காமல், வழி தெரிந்தவள் மாதிரி. முன்னேயென்றால் ஒரு சத்தம் போட்டிருப்பார், அந்தக் கட்டடத்து ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்திருப்பார்கள், அவள் நின்றிருப்பாள். வாசலில் நின்ற ஷெரின் பார்த்துவிட்டு, “அங்கிள், நான் கூப்பிடட்டுமா?” என்றாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். குரல் இருந்தவரைக்கும் எந்த இடத்தில் நின்றாரோ அங்கே நின்றபடியே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது பக்கத்தில் போக வேண்டியிருக்கிறது. ஷெரின் உள்ளே போய்விட்டாள். பவுன்ராஜ் ஒச்சம்மா போன பக்கமாக வேகமாக நடந்தார்.